ஆறில்லாத மாவட்டம்: யாழ்ப்பாணம் எதன் மேல் நிற்கிறது?

யாழ்ப்பாண மாவட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் வழமையாக நல்லூரில் தொடங்குவார்கள். இல்லையென்றால் எரிக்கப்பட்ட நூலகத்தில், அதுவும் இல்லையென்றால் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில். மூன்றும் சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் இந்த மாவட்டத்தின் புவியியலையும் வரலாற்றையும் பொருளாதாரத்தையும் ஒன்றாக விளக்கச் சொன்னால் நான் எங்கள் காலுக்குக் கீழே கிடக்கும் சுண்ணாம்புக்கல்லில்தான் தொடங்குவேன். இங்கே ஏன் ஆறு இல்லை, ஆறில்லாத இடத்தில் ஏன் இத்தனை சனம் நெருங்கி வாழ்ந்தது, அந்தச் சனத்தில் ஏன் இவ்வளவு பேர் வெளியே போனார்கள் என்ற கேள்விகளில் எதை எடுத்தாலும் அந்தக் கல்லைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. இந்த மாவட்டம் இனி எப்படி வாழப்போகிறது என்ற கேள்வியும் அப்படித்தான்.

எல்லைகள்

நாங்கள் பேச்சில் 'யாழ்ப்பாணம்' என்று சொல்வது ஒன்று, அரசாங்கப் பதிவேட்டில் உள்ள யாழ்ப்பாண மாவட்டம் இன்னொன்று. ஆங்கிலேயர் 1833இல் நாட்டை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது வடமாகாணம் அனுராதபுரப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு விரிந்து கிடந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் தனியானது. பின்னர் மாவட்டங்களும் உடைந்தன. 1978இல் முல்லைத்தீவு உருவானது. 1984இல் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. குடாநாட்டின் தென்கிழக்கு மூலையான பச்சிலைப்பள்ளி நில அமைப்பில் குடாநாட்டோடு ஒட்டியது, நிர்வாகத்தில் கிளிநொச்சியோடு சேர்ந்தது. பளைக்காரர் ஒரு கையெழுத்துக்குக் கிளிநொச்சிக் கச்சேரிக்குப் போவது அதனால்தான்.

இன்றைய யாழ்ப்பாண மாவட்டம் சுமார் 1,025 சதுர கிலோமீற்றர். 15 பிரதேச செயலாளர் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என்று 17 உள்ளூராட்சி சபைகள். இந்த எண்ணிக்கைகளைப் பொதுஅறிவுப் பரீட்சைக்காக எழுதவில்லை. கட்டுரையின் கடைசியில் இவை திரும்ப வரும்.

மக்கள் மனதிலுள்ள பிரிப்பு இதைவிடப் பழையது. மேற்கே செம்மண் நிறைந்த வலிகாமம், வடகிழக்கே வடமராட்சி, தெற்கே தென்னையும் பலாவும் நெல்வயலுமாகத் தென்மராட்சி, கடலுக்குள் தீவகம். மாவட்டத்தின் எந்த இடமும் கடலிலிருந்து வெகுதூரம் இல்லை. எந்த இடமும் உயரமும் இல்லை. கீரிமலை என்று பெயரில் மலை இருக்கிறதே தவிர, குடாநாடு முழுவதும் பத்துப் பதினைந்து மீற்றருக்கு உட்பட்ட தட்டை நிலம். தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயரில் ஆறு வைத்திருப்பவை உண்மையில் கடல்நீரேரிகள். ஆறு என்று ஓரளவாவது சொல்லக்கூடியது வழுக்கையாறு மட்டும். அதுவும் மாரியில் வலிகாமத்து வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு அராலியில் கடல்நீரேரியில் விழுந்து, கோடையில் காய்ந்துபோகும்.

கல்லுக்குள் தண்ணீர்

வருடத்துக்குச் சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் மழை விழுகிறது. உலகத்தின் பல வறண்ட நாடுகளோடு ஒப்பிட்டால் இது குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்தில் கொட்டி முடிந்துவிடும். மிச்சக் காலம் வெயிலும் சோளகக் காற்றும்தான். மூன்று மாத மழையை ஒன்பது மாதம் வைத்திருக்க ஒரு பாத்திரம் வேண்டும். வன்னியில் அந்தப் பாத்திரம் பெருங்குளங்கள். குடாநாட்டில் அது சுண்ணாம்புக்கல்.

மயோசீன் காலத்தில், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு, கடலடியில் படிந்து இறுகிய கல் இது. மழைநீர் சுண்ணாம்பை மெல்ல மெல்லக் கரைக்கும். அப்படிக் கரைந்து கரைந்து கல்லுக்குள் வெடிப்புகளும் குகைகளும் உண்டாகியிருக்கின்றன. புத்தூர் நிலாவரையும் கீரிமலைக் கேணியும் அந்தக் குகை வலைப்பின்னல் மேலே தெரியும் இடங்கள். நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். 'அடியில்லாக் கிணறு' என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொன்ன கதையைவிட இந்த உண்மைதான் முக்கியமானது. ஏனென்றால் குடாநாடு முழுவதும் அப்படித்தான் இருக்கிறது.

நிலத்துக்கடியில் கடல்நீர் நான்கு பக்கத்தாலும் ஊறி நிற்கிறது. மழைநீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே அது கலக்காமல் மேலே மிதக்கிறது. நடுவில் தடித்து, கரையை நோக்கி மெலிந்து, கண்ணாடி வில்லை போன்ற வடிவத்தில். இதைத்தான் நன்னீர் வில்லை என்கிறார்கள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறைத் தீவு என நான்கு பெரிய வில்லைகள் உண்டு. பெரியது வலிகாமத்தின் கீழே உள்ள சுன்னாகம் நீர்ப்படுக்கை.

இதில் ஒரு கணக்கை ஒவ்வொரு யாழ்ப்பாணத்தவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கோட்பாட்டின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால், மேலே ஒரு மீற்றர் இறைத்துக் குறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் 40 மீற்றர் மேலேறலாம். உண்மையான நிலத்தில் வெடிப்பும் குகையும் கணக்கை மாற்றும். ஆனால் திசை மாறாது. கிணறு வற்றுவதற்கு முன்பே அது உவராகிவிடும். கடற்கரையோரக் கிணறுகளுக்கும் தீவகத்துக் கிணறுகளுக்கும் நடந்தது இதுதான்.

ஆட்சிகள் கண்ட யாழ்ப்பாணம்

பெருங்குளமோ பேராறோ இல்லாத நிலத்தில் நல்லூரைத் தலைநகராக்கி ஆரியச்சக்கரவர்த்திகள் ஓர் அரசை நடத்தினார்கள். அந்த அரசின் பலம் நெல்லில் இல்லை. பாக்கு நீரிணையில் இருந்தது. முத்து, சங்கு, யானை, கப்பல் வழி. வன்னியில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த கடல்நீரேரி வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்திக்கொண்டு வந்த இடத்துக்கு ஆனையிறவு என்று பெயர் நிலைத்தது. ஊர்காவற்றுறையிலிருந்து அவை கப்பல் ஏறின.

1619இல் போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனைத் தோற்கடித்து அரசைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கடலை அணைகட்டித் தடுத்து வாழ்ந்த அந்த நாட்டவர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம் ஆனது, வேலணைத் தீவு லைடன் ஆனது, நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது. பெயர்களைவிட நீண்டகாலம் நின்ற வேலை ஒன்றையும் அவர்கள் செய்தார்கள். 1707இல் இவ்வூர் வழமைகளைத் தேசவழமை என்று தொகுத்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரிக்கும் அந்த வழமை இன்றும் உயிரோடு இருக்கிறது.

இந்தச் சட்டமும் கிணற்றில் வந்து முட்டும். காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து துண்டாகலாம், கிணற்றைத் துண்டாக்க முடியாது. அதனால் யாழ்ப்பாணத்து உறுதிகளில் 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்' என்ற வாசகம் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வருகிறது. எங்கள் குடும்பத் தோட்டக் கிணற்றிலும் பல பங்காளிகள். யார் எந்த நாள் எத்தனை மணிக்கு இறைப்பது என்ற முறை எழுதப்படாமலே நடந்தது. அந்த முறையைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அந்தக் கிணறுகளில் பங்கும் இல்லை, அள்ளும் உரிமையும் இல்லை. குடத்தோடு கிணற்றடியில் நின்று யாராவது வார்ப்பார்களா என்று காத்திருந்தவர்கள் இந்த மாவட்டத்தின் வரலாற்றில் பாதியேனும் இருக்கிறார்கள். தண்ணீர் இங்கே எப்போதும் அதிகாரமாகவும் இருந்தது.

துலாவும் தோட்டமும்

செம்மண்ணும் கிணறும் சேர்ந்துதான் யாழ்ப்பாணத் தோட்டம். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் மாற, விடிய முதல் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறும்போது முடியும். மாட்டெருவும் ஆட்டுப்பட்டியும் குழைதாழ்ப்பும்தான் பசளை. வன்னியிலிருந்து வண்டி வண்டியாகக் குழை வந்தது. அப்படி விளைந்த புகையிலை திருவிதாங்கூர் வரை போனது. பின்னர் மிளகாய், சின்னவெங்காயம், உருளைக்கிழங்கு, திராட்சை.

இந்த முறையில் ஒரு இயற்கையான கட்டுப்பாடு இருந்தது. மனிதக் கால் எவ்வளவு நேரம் துலா மிதிக்குமோ அவ்வளவு தண்ணீர்தான் வெளியே வரும். 1950களிலிருந்து மண்ணெண்ணெய் இயந்திரம் பரவியபோது அந்தக் கட்டுப்பாடு போனது. துலா மிதித்த தலைமுறைக்கு அது பெரிய விடுதலை. அதை யாரும் குறைசொல்ல முடியாது. அதே காலத்தில் குழைக்குப் பதிலாக அசேதன உரம் வந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கண்ட இலாபத்தைப் பற்றி இன்றும் முதியவர்கள் பேசுவார்கள். கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் விலை விழுந்தது. இறைப்பும் உரமும் மட்டும் குறையவில்லை.

விளைவு இன்று தண்ணீரில் தெரிகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் உரத்தை மழையும் இறைப்பும் கல் வெடிப்பு வழியாக நேரே நிலத்தடிக்குக் கொண்டுபோகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இது குறைக்கும். உரம் மட்டும் காரணமில்லை. யாழ்ப்பாண நகரத்துக்கு முழுமையான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி கிடையாது. வளவுக்கு ஒரு கிணறு, அதே வளவில் ஒரு மலசலகூடக் குழி. காணி இரண்டு பரப்பாகவும் ஒரு பரப்பாகவும் சுருங்கச் சுருங்க இரண்டுக்கும் இடையிலான தூரமும் சுருங்கியது.

தொழிற்சாலையும் கற்குழியும்

சுதந்திரத்துக்குப் பின் மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய அரச தொழிற்சாலை காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை. 1950இல் உற்பத்தி தொடங்கியது. முருங்கனிலிருந்து களிமண் வந்தது. சுண்ணாம்புக்கல் சுற்றியுள்ள நிலத்திலேயே தோண்டப்பட்டது. 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையாகியிருந்த இரயில் பாதை சீமெந்தைத் தெற்குக்குக் கொண்டுபோனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம், ஓய்வூதியம், ஒரு மரியாதை. 1990இல் போர் அதை மூடியது. அதற்குப் பிறகான பொருளாதாரத் தடைக் காலத்தில் நாட்டுக்கே சீமெந்து கொடுத்த இந்த மாவட்டத்துக்குள் ஒரு பை சீமெந்து கொண்டுவர முடியாமல் இருந்தது.

தொழிற்சாலையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்ற பேச்சு போர் முடிந்த நாளிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. வேலையில்லாத பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் அதை விரும்புவதில் பிழையில்லை. ஆனால் இங்கேதான் கல் தன் இரண்டு முகங்களையும் காட்டுகிறது. தோண்டி விற்றால் அது மூலப்பொருள். தோண்டாமல் விட்டால் அது தண்ணீர்த் தாங்கி. இரண்டாகவும் ஒரே கல் இருக்க முடியாது. கடலுக்கு அருகே கல்லை அகழ்ந்த பள்ளம் உப்புநீருக்குத் திறந்த வாசல். தென்மராட்சியிலும் வலிகாமத்திலும் பாரவூர்திகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றப்படும்போதெல்லாம் மக்கள் மறித்து நிற்பது இந்த அறிவால்தான். வடமராட்சி கிழக்கின் மணல் மேடுகளுக்கும் இது பொருந்தும். மணலும் ஒரு தண்ணீர்த் தாங்கி. இரவோடிரவாக அள்ளப்படும் ஒவ்வொரு உழவு இயந்திரப் பெட்டி மணலோடும் கொஞ்சம் குடிதண்ணீர் போகிறது.

போர் எடுத்தது

1981இல் இன்றைய மாவட்ட எல்லைக்குள் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2012இல் எண்ணியபோது 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். முப்பது வருடத்தில் நாடு முழுவதும் சனத்தொகை கூடிய காலத்தில் இங்கே குறைந்தது. இறந்தவர்கள், காணாமலாக்கப்பட்டவர்கள், கொழும்புக்கும் தமிழ்நாட்டுக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள். 1990 ஒக்ரோபர் 30இல் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சோனகத் தெருவின் வணிகம் அன்றோடு போனது, இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

பாராளுமன்றக் கணக்கிலும் இது தெரிகிறது. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்த தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. சனம் போனால் குரலும் போகும்.

நிலமும் போனது. 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயமாக எடுக்கப்பட்ட வலிகாமம் வடக்கின் பல ஆயிரம் ஏக்கர், மாவட்டத்தின் மிகச் சிறந்த செம்மண். நீர்ப்படுக்கைக்கு நேர் மேலே இருக்கும் மண். பெரும்பகுதி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டிருந்தாலும் முழுவதும் இன்னும் உரியவர்கள் கைக்கு வரவில்லை. அங்கே பயிர் செய்ய வேண்டியவர்கள் வேறிடத்தில் வாடகைக் காணியில் இறைத்தார்கள். பலர் தோட்டத்தையே விட்டார்கள்.

காசு எங்கிருந்து வருகிறது

2009க்குப் பிறகு பாதைகள் திறந்தன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம், 2014இல் யாழ்தேவி, 2019இல் பலாலி விமான நிலையம், 2023இல் நாகபட்டினத்துக்குக் கப்பல். யாழ் நகரத்தின் வீதிகளில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வரிசையாக வந்தன. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்து மாவட்டங்கள் சேர்ந்த வடமாகாணத்தின் பங்கு இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டவில்லை. சந்தியில் நிற்கும் கட்டடமும் மாகாணக் கணக்கும் வேறு வேறு கதை சொல்கின்றன.

இடைவெளியை நிரப்புவது வெளியே இருந்து வரும் காசு. இது புதிதல்ல. 1816இல் வந்த அமெரிக்க மிசனும் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியும் ஆங்கிலம் படித்த தலைமுறையொன்றை உருவாக்கின. அவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞர்களாகவும் இரயில்வே அலுவலர்களாகவும் போனார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடரில் ஊரில் நாற்சார் வீடு எழுந்தது. இன்று அதே பாத்திரத்தை ரொறன்ரோவும் இலண்டனும் பாரிசும் ஏற்றிருக்கின்றன. நிலம் தாங்கக்கூடியதைவிடச் சனம் அதிகமான இடத்தில் மனிதர் வெளியே போய்ச் சம்பாதிப்பது இருநூறு வருட வழக்கம். ஆனால் வெளிநாட்டுக் காசு வீடு கட்டும், கோயில் கட்டும், கிணற்றை ஆழமாக்கும், குழாய்க்கிணறு அடிக்கும். நிலத்தடி நீரைத் திரும்ப நிரப்பும் வேலைக்கு அதில் எவ்வளவு போகிறது?

கடலும் முன்போல இல்லை. போருக்கு முன் வடக்குக் கடல் நாட்டின் மீனில் பெரும் பங்கைக் கொடுத்தது. இன்று இந்திய இழுவைப் படகுகள் ஒரு பக்கம், உள்ளூரிலேயே 2017 சட்டத்தை மீறும் இழுவைத் தொழில் மறுபக்கம் என்று பாக்கு நீரிணையின் அடித்தளம் வழிக்கப்படுகிறது. 2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தபோது மீனவருக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே நாளில் அடி விழுந்தது. இரண்டு பேருடைய இயந்திரமும் அதில்தான் ஓடியது.

ஆறு கொண்டுவரும் திட்டங்கள்

தண்ணீர்ப் பிரச்சினையை எங்கள் முன்னவர்கள் அறியாமல் இருக்கவில்லை. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று அறியப்பட்ட திட்டத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு மாரியில் கொண்டுவரும் வெள்ளம் ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுந்து வீணே கடலுக்குப் போகிறது. அந்த ஏரியை இரண்டு பக்கமும் அணைகட்டி நன்னீராக்கி, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடல்நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் தண்ணீரைக் கொண்டுபோவது அவருடைய எண்ணம். ஏரிகள் நன்னீரானால் சுற்றியுள்ள கிணறுகள் நன்னீராகும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகள் கட்டப்பட்டன. முள்ளியான் வாய்க்கால் மட்டும் முழுமையாகவில்லை. எழுபது வருடமாக ஒவ்வொரு தேர்தலிலும் இந்தத் திட்டம் எழுந்து உட்காருகிறது, தேர்தல் முடியப் படுத்துவிடுகிறது.

பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் காணாத குளத்திலிருந்து எப்படிக் கொடுப்பது என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1984 வரை ஒரே மாவட்டமாக இருந்தவர்கள், பல வீடுகளில் ஒரே குடும்பத்தவர்கள், தண்ணீருக்காக எதிரெதிரே நின்ற நாட்கள் அவை. கடைசியில் கடலையே குடிநீராக்குவது என்று முடிவானது. மருதங்கேணி தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுள்ள நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

தாளையடித் தண்ணீர் தேவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் காசு வேண்டும். எங்களைப் போலவே சுண்ணாம்புக்கல்லும் ஆறின்மையும் கொண்ட மால்ரா தீவு தன் குழாய்நீரில் பாதிக்கு மேல் கடலிலிருந்து எடுக்கிறது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நாட்டின் ஒரு மாவட்டம் அதே வழியை மட்டும் நம்பலாமா? தாளையடிக் குழாய் குடிக்கத் தரும், வெங்காயத்துக்குத் தராது. தோட்டம் எப்போதும் கிணற்றையே நம்பியிருக்கும்.

யார் பொறுப்பு?

சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் 2019இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. நட்டஈடு கட்டவேண்டும் என்று மன்று சொன்னது. அந்த வருடங்களில் போத்தல் தண்ணீருக்கும் பவுசருக்கும் காத்திருந்த வீடுகள் ஒன்றைக் கற்றுக்கொண்டன. நீர்ப்படுக்கைக்கு வேலி கிடையாது. ஒரு வளவில் ஊற்றியது பத்து வளவில் மிதக்கும்.

வேலி நிர்வாகத்தில்தான் இருக்கிறது. குழாய்நீர் தேசிய நீர்வழங்கல் சபைக்கு. நிலத்தடி நீர் ஆய்வு நீர்வளச் சபைக்கு. சிறு குளங்கள் கமநல சேவைக்கும் பிரதேச சபைகளுக்கும். கல்லகழ்வு அனுமதி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கு. இத்தனைக்கும் நடுவில் 15 பிரதேச செயலகங்கள், 17 உள்ளூராட்சி சபைகள். இவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவரக்கூடிய வடமாகாண சபை 2013இல் முதன்முதலாகத் தெரிவாகி, 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் காணவில்லை. ஒரே தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஆறு இலட்சம் பேர் அள்ளுகிறோம். அந்தத் தாங்கிக்கென்று ஒரு பொறுப்பாளர் கிடையாது.

செய்யக்கூடியவை பெரிய இரகசியமில்லை. குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்களும் கேணிகளும் உண்டு. அவை குளிக்கவும் மாடு குடிக்கவும் மட்டும் வெட்டப்பட்டவையல்ல. மழையைப் பிடித்துக் கல்லுக்குள் இறக்கும் வாய்கள் அவை. பல தூர்ந்துவிட்டன, பலவற்றின் வரத்து வாய்க்கால்கள் மதிலுக்குள் போய்விட்டன. அவற்றைத் திறப்பதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. கதவணைகளை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில் நெல் வயல்காரருக்கும் மீனவருக்கும் இடையில் ஓர் உடன்பாடு வேண்டும். தோட்டத்தில் வாய்க்கால் இறைப்புக்குப் பதில் சொட்டுநீர், கண்மூடி எறியும் யூரியாவுக்குப் பதில் மண்ணைப் பரிசோதித்துப் போடும் அளவு. 2021இல் போல ஒரே இரவில் உரத்தைத் தடைசெய்வது வழியல்ல. அது தோட்டக்காரரை நொறுக்கியது. அதே வருடம் அரசாங்கமே பின்வாங்கியது. குழாய்க்கிணறு அடிப்பதற்கு அனுமதியும் அளவும் வேண்டும். கல்லகழ்வு விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் நிலத்தடி நீர் அறிக்கை வேண்டும்.

இவற்றில் எதற்கும் கொழும்பின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலவற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும், சிலவற்றுக்குப் போராடத்தான் வேண்டும். ஆனால் உங்கள் ஊர்க் குளத்தின் வரத்து வாய்க்கால் எந்த வளவுக்குள் நிற்கிறது என்பதைக் கொழும்பு வந்து சொல்லப்போவதில்லை. பிரதேச சபைக்குத் தெரியும், கிராம அலுவலருக்குத் தெரியும், பெரும்பாலும் வளவுக்காரருக்கும் தெரியும். மாரி ஐப்பசியில் தொடங்கும். அதற்குள் ஓர் ஊருக்கு ஒரு வாய்க்காலையாவது கேட்டுத் திறப்பித்தால், அடுத்த பங்குனியில் கிணற்றடியில் நிற்பவர்களுக்கு அதன் அளவு தெரியும்.